சித்திக்கு நான் சொல்லித்தராத கட்டளை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் முதலில் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவோம், அடுத்து மருமகளைப் பற்றி, மூன்றாவதாக அந்தக் காலத்து ஞாபகசக்தியைப் பற்றி. மூன்றாவதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், பத்துக் கட்டளைகள், ஞானோபதேசக் கேள்வி பதில் எல்லாவற்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். உங்களில் பல பேர் ஒப்பிப்பீர்கள். பதின்மூன்று வயதில் மண்டையில் ஏறியது எண்பதில் இறங்குமா? ஆனால் அந்தப் பத்தில் ஒன்று வரும்போது எனக்கு இன்றும் நாக்கு கொஞ்சம் தடுக்கும். ஏன் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை. இப்போது நம்பாமல் இருக்க அவர்களில் யாரும் இல்லை, அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

தெரியாத பேரப்பிள்ளைகள் யாராவது வாசித்தால் என்ன செய்வது என்பதற்காக ஒரு வார்த்தை. ஞானஸ்நானத்தை நம்மைக் கேட்காமல் கைக்குழந்தையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். விவரம் தெரிந்த பிறகு, இந்த விசுவாசம் என்னுடையதுதான் என்று நாமே சபை முன்னால் சொல்ல வேண்டும். அப்போது அத்தியட்சர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். இப்போது பேராயர் என்கிறார்கள், எங்களுக்கு அத்தியட்சர். அதற்குத் திடப்படுத்தல் என்று பெயர். அன்றிலிருந்துதான் திருவிருந்தில் அப்பத்துக்கும் ரசத்துக்கும் கை நீட்டலாம். அதுவரை மற்றவர்கள் பீடத்துக்குப் போகும்போது நாம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அத்தியட்சர் எங்கள் தென்காசிச் சபைக்குத் திடப்படுத்த வருவது மூன்று வருடத்துக்கு ஒரு தடவை. அதுவும் ஆனி ஆடியில்தான் வருவார். “குத்தாலத்துல தண்ணி விழுந்தாத்தான் அத்தியட்சருக்கு நம்ம ஆத்துமாக்க ஞாபகம் வரும்” என்று கமிட்டிப் பெரியவர் ஒருவர் சொல்லிச் சிரிப்பார். அவர் சொன்னவற்றில் ரசிக்கும்படியாக இருந்தது அது ஒன்றுதான்.

சபைக் குருவானவரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம். எங்கள் ஐயர் தங்கமான மனுஷர், ஆனால் மனப்பாட விஷயத்தில் இரும்பு. ஒரு வரி குறைந்தாலும் அத்தியட்சர் முன்னால் முழங்கால் போட விடமாட்டேன் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார். நாங்கள் படித்த சபை அல்லவா! எங்கள் தாத்தாமார் எழுத்துக் கற்றதே கோயில் பள்ளிக்கூடத்தில்தான். அதனால் வாசிக்கத் தெரிந்தவன்தான் விசுவாசி என்று எங்களுக்குள் ஓர் எண்ணம் ஊறிப்போயிருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் பெஞ்சில் இடம் விடுகிற விதத்திலேயே தெரிந்துவிடும்.

ஐம்பதுகள் முடியப்போகிற அந்த வருடம் வகுப்பில் பதினோரு பிள்ளைகள். பன்னிரண்டாவது ஆள் என் சித்தி.

அம்மா டைபாய்டில் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா கோயில் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வாத்தியார். அந்தத் தையில்தான் மறுமணம் செய்துகொண்டார். சித்திக்கு அப்போது இருபத்தெட்டு வயது இருக்கும். பிறந்தது பண்பொழிப் பக்கம். ஐந்து வயதிலேயே அப்பன் ஆத்தாளோடு மலைக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். பிறகு படிப்பு ஏது, கொழுந்து கிள்ளும் வேலைதான். அந்தத் தோட்டத்துக்கு ஐயரே வருடத்தில் இரண்டு தடவைதான் ஏறி வருவாராம். அத்தியட்சர் எட்டிப் பார்த்ததே கிடையாது. அதனால் அந்த வயது வரை அவள் திருவிருந்து எடுத்ததில்லை. கோயிலில் எல்லாரும் பீடத்துக்குப் போகும்போது அவள் பெஞ்சில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பாள். தூங்கி விழுகிற பிள்ளைகள் அவள் மடியில்தான் விழும். போகிறவர்களின் காலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

“எனக்கு அந்த ஒரு ஆசதான் இருக்கு” என்று அவள் அப்பாவிடம் சொன்னதை நான் அடுக்களை வாசலில் நின்று கேட்டேன். வேறு சேலை, நகை, ஒன்றும் கேட்கவில்லை. இந்த வருடம் விட்டால் இன்னும் மூன்று வருடம்.

எனக்கு அவளைப் பிடிக்காது. இப்போது நினைத்தால் அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அம்மாவின் டிரங்குப் பெட்டியை வந்த அன்றே பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தாள். “இது உனக்குள்ளது மோளே, நான் தொறக்க மாட்டேன்” என்றாள். மகளே என்பது தோட்டத்து மலையாளத்தில் அவள் வாயில் மோளே என்றுதான் வரும். அம்மா காப்பி குடிக்கும் பித்தளை டம்ளர் அடுக்கில் இருந்தது. அதை அவள் தொடவே மாட்டாள். தோட்டத்திலிருந்து கொண்டுவந்த, விளிம்பில் எனாமல் பெயர்ந்த நீலக் கோப்பை ஒன்றில்தான் குடிப்பாள். அந்தக் கோப்பையில் எப்போதும் லேசாக ஏலக்காய் வாசம் வரும். எங்கள் வீட்டுப் பாத்திரம் இவளுக்குக் கௌரவக் குறைச்சலோ என்று நான் பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னேன். வெறுப்புக்கு இரை போட யாரும் வேண்டாம், தானே தேடித் தின்னும்.

அவளை நான் ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவேன். அம்மாவை ‘நீ’ என்று சொல்லி வளர்ந்த பிள்ளை நான். ஊரார் இதைப் பார்த்து, வாத்தியார் மகள் சித்திக்கு எவ்வளவு மரியாதை கொடுக்குது பாரு என்றார்கள். அது மரியாதை இல்லை, வேலி. சித்திக்குத் தெரிந்திருக்கும்.

அப்பாவுக்கு நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் பொறுமை உண்டு, பெண்டாட்டிக்குச் சொல்லித்தரக் கிடையாது. இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “ஏட்டி, நீதான் எல்லாத்தையும் தண்ணியா சொல்லுதியே. தெனம் சாயங்காலம் சித்திக்கு நீ சொல்லிக் குடு.” அதற்குமேல் கோயிலில் போய், “எம் மவதான் அவளுக்கு வாத்தியாரு” என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டும் வந்தார்.

அந்த ஆனி மாதச் சாயங்காலங்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாரல் விடாது. ஆரியங்காவுக் கணவாய் வழியே வருகிற காற்று ஓட்டு இடுக்கில் நுழைந்து விசிலடிக்கும். துணி எதுவும் காயாது. கவிழ்த்த கூடைக்கு அடியில் கரி நெருப்புச் சட்டியை வைத்து மேலே பாவாடையை விரித்திருப்போம். புகையும் ஈரமும் கலந்த அந்த வாசத்தில்தான் நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போவோம், கோயிலுக்கும் போவோம். பக்கத்து ராவுத்தர் வீட்டில் பாவு நூல் காயாததால் தறி சும்மா கிடக்கும். அந்த வீட்டு அக்கா நெருப்பு வாங்க வந்தால் எங்கள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

சித்தி அடுப்புக்கு முன்னால், நான் முக்காலியில். நான் ஒரு வரி சொல்வேன், அவள் திருப்பிச் சொல்வாள். தவறினால் உச்சுக்கொட்டுவேன், அப்பா வகுப்பில் செய்வது போல. ஒருநாள் அந்த அக்கா சிரித்தாள். “ஏட்டி வாத்தியாரு மவளே, நீ கத்துத கத்துல ஒங்க வேதப்பாடம் எனக்கே மனப்பாடம் ஆயிட்டுல்லா!” சொன்னதோடு நிற்காமல் நாலு வரி ஒப்பித்தும் காட்டினாள். மூவரும் சிரித்தோம். காதால் கேட்டே அவளுக்கு வந்துவிட்டதே, அப்படியானால் சித்திக்கு வேறு எங்கேயாவது கேட்டு வந்திருக்குமோ என்று என் புத்திசாலி மண்டைக்கு அப்போது தோன்றவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் காதும் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்துக் கட்டளை தொடங்கிய அன்றுதான் அதைச் செய்தேன். முதல் நான்கும் ஒழுங்காகச் சொன்னேன். ஐந்தாவது, தகப்பனையும் தாயையும் கனம்பண்ணச் சொல்கிற கட்டளை. வாயைத் திறந்தேன். எதிரே அவள், அடுப்பு வெளிச்சம் முகத்தில் விழ, அடுத்த வரிக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கட்டளையை இவளுக்கு நான் கொடுத்தால், இவள் அதை என் பக்கமே திருப்பிவிடுவாளே என்று தோன்றியது. அந்த வரியில் இருந்த தாய் என் அம்மா. அங்கே இன்னொருத்தி வந்து உட்கார இடமில்லை. நான் ஐந்தாவதை விட்டுவிட்டு, கொலையைப் பற்றிய ஆறாவதை ஐந்தாவது என்று சொல்லிக்கொடுத்தேன். அப்படியே ஒவ்வொன்றையும் ஓர் எண் முன்னால் தள்ளினேன். ஒன்பதோடு முடித்தேன்.

“இவ்வளவுதானா மோளே?” என்றாள் சித்தி.

“இவ்வளவுதான்” என்றேன்.

சித்தி கொஞ்ச நேரம் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு “சரி” என்று சொல்லிவிட்டு ஒன்பதையும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

ஆடி பிறந்து முதல் சனிக்கிழமை ஐயர் பரீட்சை வைத்தார். கமிட்டிக்காரர்கள் நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், அப்பாவும் அதில் ஒருவர். பிள்ளைகள் நாங்கள் ஒவ்வொருவராக மடமடவென்று ஒப்பித்தோம். ஒருத்தன் விசுவாசப் பிரமாணத்தை மூச்சுவிடாமல் சொல்லி, முடிவில் நிஜமாகவே மூச்சுத் திணறி இருமினான். கடைசியில் சித்தி எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மலையாள வாடை கலந்த அவள் ராகத்தில், நிதானமாகச் சொன்னாள். ஜெபம் சரி. பிரமாணம் சரி. கட்டளைகள் ஒன்பதில் முடிந்தன.

ஐயர் விரலை மடக்கி எண்ணியிருந்தார். “ஒண்ணு கொறையுதேம்மா?”

“எனக்குள்ளது இவ்வளவுதான் ஐயா” என்றாள் சித்தி.

பிள்ளைகள் சிரித்தார்கள். எது குறைகிறது என்று கமிட்டிப் பெரியவர்தான் முதலில் கண்டுபிடித்தார். “தாய் தகப்பன் கட்டளையல்லா காணோம்! பெத்துப் பாத்திருந்தா மறக்குமா?” என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. அப்பா தரையைப் பார்த்தார். நான் நினைத்தது நடந்துவிட்டது, ஆனால் நான் நினைத்தது போல இனிக்கவில்லை. ஐயர்தான், “வார சனிக்கிழம குத்தாலத்துல தியானத்துக்குப் போறோம்லா, அங்கன திரும்பக் கேக்கேன். அஞ்சாவதை மட்டும் படிச்சிட்டு வாங்க. இல்லன்னா அடுத்த தடவதான்” என்று முடித்துவைத்தார்.

வீட்டில் அப்பா சாப்பிடவில்லை. “பிள்ள தெனம் தொண்டத்தண்ணி வத்த சொல்லிக் குடுக்குதா, ஒனக்கு அது கூட நிக்கலியா?” என்று சித்தியைக் கேட்டார். என்னிடம், “இன்னைக்கே அதைச் சொல்லிக் குடு” என்றார். மறுநாளிலிருந்து தினமும் கேட்பார். “அஞ்சாவதைச் சொல்லிக் குடுத்தாச்சா?” நான், “ஆச்சுப்பா” என்பேன். சித்தி பக்கத்தில்தான் இருப்பாள், குழம்பைத் துழாவிக்கொண்டு. தலையைக்கூட நிமிர்த்த மாட்டாள். நான் ஐந்தாவதைச் சொல்லவே இல்லை. ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று முக்காலியில் உட்காருவேன். நான்காவது முடிந்ததும் பழையபடி கொலைக் கட்டளைக்குத் தாவிவிடுவேன்.

அதற்கு நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து ஆராதனை. அந்த ஆராதனையில் ஐயர் கட்டளைகளை ஒவ்வொன்றாக வாசிப்பார், ஒவ்வொன்றுக்கும் சபை இரக்கம் கேட்டுப் பதில் சொல்லும். நானும் திடப்படுத்தப்படாதவள் அல்லவா, சித்தி பக்கத்தில் அதே பெஞ்சில்தான் முழங்கால் போட்டிருந்தேன். மழைச் சத்தத்தில் ஐயர் குரல் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் என் காதுக்குப் பக்கத்தில் இன்னொரு குரல் கேட்டது. சித்தி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஐயருக்கு ஒரு வார்த்தை முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நான்காவது முடிந்தது. ஐயர் பக்கம் புரட்டினார். அவர் தொடங்குவதற்கு முன்பே சித்தியின் உதட்டில் ஐந்தாவது வந்தது. தகப்பன், தாய், எல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல் வந்தன.

இவளுக்குத் தெரியும். எப்போதுமே தெரியும். நான் ஒன்பதோடு முடித்த அன்றும் தெரியும். ஐயர் விரலை மடக்கியபோதும், பெரியவர் அப்படிச் சொன்னபோதும், பிள்ளைகள் சிரித்தபோதும் தெரியும். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் எழுந்து பீடத்துக்குப் போனார்கள். சித்தி பெஞ்சில் உட்கார்ந்து, வழக்கம்போலப் போகிறவர்களின் காலைப் பார்த்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் குற்றாலத்துக்கு நடந்தோம். மூன்று மைல்தானே. ஐயர் குடை பிடித்து முன்னால், கமிட்டிக்காரர்கள் பின்னால், நடுவில் நாங்கள். மறுநாள் அத்தியட்சர் வருகிறார், அதற்கு முன் ஒருநாள் அமைதியாகத் தியானம் செய்ய வேண்டும் என்பது ஐயரின் ஏற்பாடு. சீசனில் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அமைதியாக இரு என்றால் எந்தப் பிள்ளை இருக்கும்? தெரிந்தவர் ஒருவரின் பங்களாவுக்குப் பின்னால், ஓடைக் கரையில் ஆளுக்கொரு பாறையில் உட்காரவைத்து அரைமணி நேரம் கண்ணை மூடச் சொன்னார். தூரத்தில் அருவி இரைகிறது, எண்ணெய் தேய்த்த ஆட்கள் கூட்டமாகப் போகிறார்கள், மங்குஸ்தான் கூடைக்காரி கூவுகிறாள். ஐந்தே நிமிடத்தில் ஒரு குரங்கு வந்து, மும்முரமாகக் கண்ணை மூடியிருந்த ஒருத்தனின் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பாவம், அந்தக் கூட்டத்தில் உண்மையாகத் தியானம் செய்தவன் அவன் ஒருத்தன்தான்.

அந்தக் களேபரத்தில் நான் எழுந்து சித்தி உட்கார்ந்திருந்த பாறைக்குப் போனேன். அவள் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டிருந்தாள். இரைச்சலில் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துத்தான் பேச வேண்டும். அவள் காதை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததே அன்றுதான். தோடு இல்லாமல், துளையில் ஈர்க்குச்சி போட்டிருந்தாள்.

“ஒங்களுக்கு அஞ்சாவது தெரியும்லா? கோயில்ல சொன்னதக் கேட்டேன்.”

சித்தி திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி லேசாகச் சிரித்தாள். “தோட்டத்துல கங்காணிதான் ஞாயித்துக்கெழம தோறும் ஜெபத்துல கட்டளையெல்லாம் சத்தமா வாசிப்பாரு. சின்ன வயசுலேருந்தே கேட்டதுதான்.”

“பொறவு ஏன் சொல்லல? நாளைக்கு அத்தியட்சரு வாராரு. இன்னைக்கும் சொல்லலன்னா ஒங்கள சேக்க மாட்டாங்கல்லா?”

“சேக்காட்டா போட்டும்.”

“ஏன்?”

சித்தி காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துச் சேலையால் துடைத்தாள். “நீ எனக்கு ஒம்பது தந்த. ஒண்ண வச்சிக்கிட்ட. நீ தராதத நான் எடுத்துக்கிட்டா அது களவுல்லா? எட்டாவது கட்டள.” பிறகு கண்ணைச் சுருக்கிக் குறும்பாக, “நீ ஏழாவதுன்னு சொல்லித் தந்த” என்றாள்.

நான் அந்தப் பாறையில் உட்கார்ந்து அழுதேன். அவள் என்னைத் தொடவில்லை, தட்டிக்கொடுக்கவில்லை. அழுது முடிக்கட்டும் என்று பக்கத்தில் இருந்தாள். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன் இந்த எண்பது வயதில், கன்வென்ஷன் பந்தலில் மணலில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கேட்டிருக்கிறேன். அந்தப் பாறையில் கேட்ட அளவுக்கு எதுவும் எனக்குள் இறங்கியதில்லை. தனக்கு உயிராக இருந்த ஒன்றை, ஒரு பிடிவாதக்காரப் பிள்ளையின் சம்மதத்துக்காக ஒருத்தி விட்டுக்கொடுக்கிறாள், அதைச் சொல்லிக்காட்டவும் இல்லை. அவளை விட முதிர்ந்த விசுவாசியை நான் பார்த்ததில்லை. அவளைத்தான் நாங்கள் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காரவைத்திருந்தோம்.

சாப்பாட்டுக்கு முன்னால் பங்களா வராந்தாவில் ஐயர் சித்தியைக் கூப்பிட்டார். அப்பாவும் கமிட்டிப் பெரியவரும் பக்கத்தில். சித்தி கட்டளைகளைச் சொன்னாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நிறுத்தினாள். வெளியே சாரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் பக்கம் ஒரு பார்வை, ஒரு ஜாடை, ஒன்றும் இல்லை. பெரியவர் தொண்டையைச் செருமினார்.

நான் ஓடிப்போய் நடுவில் நின்றேன். “ஐயா, அவங்க மேல தப்பில்ல. நான்தான் அதச் சொல்லிக் குடுக்கல. வேணும்னே விட்டுட்டேன்.”

“பொய் சொல்லாத” என்றார் அப்பா. “தெனம் சொல்லிக் குடுத்தேன்னு எங்கிட்ட சொன்னியே.”

“அதுதாம்ப்பா பொய்.”

எனக்கு அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். நடந்ததோ வேறு. ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாத்தீங்களா சார்வாள், சித்தி அவமானப்பட்டுரக் கூடாதுன்னு பிள்ள பழியத் தன் மேல போட்டுக்கிடுதா” என்றார். அப்பாவின் முகம் மலர்ந்தே போய்விட்டது. கமிட்டிப் பெரியவர், அதே பெரியவர், மேல்துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டு, “தாயில்லாத பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு!” என்றார். இல்லை, நிஜமாகவே நான்தான் செய்தேன் என்று நான் கத்தக் கத்த அவர்களுக்கு என் மேல் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் பெரிய உண்மையை ஒருத்தரும் வாங்கிக்கொள்ளவில்லை. சித்தி மட்டும் முக்காட்டால் வாயை மறைத்துக்கொண்டிருந்தாள். சிரித்தாளா அழுதாளா தெரியாது.

“சரி, இப்ப எங்க முன்னால சொல்லிக் குடு. ஒரு தடவ சொன்னா அவங்களுக்கு வந்துரும்” என்றார் ஐயர்.

நான் சித்தியைப் பார்த்து நின்றேன். வரியைத் தொடங்கினேன். ‘தகப்பன்’ வரைக்கும் தடையில்லாமல் வந்தது. அடுத்த வார்த்தையில் நின்றுவிட்டேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. நான் வெட்கத்தில் தடுமாறுகிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். டைபாய்டில் மெலிந்து போன அம்மாவின் கை ஞாபகம் வந்தது. அம்மா இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று அந்த நேரத்தில் எப்படியோ தெரிந்தது. தாய் என்று சொன்னேன். மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். சித்தி அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறவள் போல, ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொன்னாள். பிறகு ஆறு, ஏழு, எட்டு என்று சரியான எண்ணோடு பத்து வரை போய் முடித்தாள்.

மறுநாள் ஆராதனையில் அத்தியட்சர் இரண்டிரண்டு பேராகக் கூப்பிட்டார். ஒரு தலையில் வலது கை, மற்ற தலையில் இடது கை. கடைசி ஜோடி நாங்கள் இருவரும். இருவர் மேலும் அதே கரிப்புகை வாசம், சித்தியின் வெள்ளைச் சேலையிலும் என் வெள்ளைத் தாவணியிலும். பிறகு திருவிருந்து. அப்பத்துக்காக நீட்டிய சித்தியின் உள்ளங்கையில் கொழுந்து கிள்ளிய கறை கோடு கோடாக இருந்தது. எத்தனை தேய்த்தும் போகாத கறை. பெஞ்சுக்குத் திரும்பியதும் அவள் முழங்காலில் நெடுநேரம் இருந்தாள். தூங்கிப்போனாளோ என்று நான் தொட்டுப் பார்த்தேன். தூங்கவில்லை.

அப்பா சாகிற வரைக்கும் அந்தக் குற்றாலக் கதையைச் சொன்னார், என் கல்யாணத்தில்கூடச் சொன்னார். சித்திக்காகப் பழி ஏற்ற மகள்! நான் திருத்தப் போனால், “பாத்தீங்களா, இன்னைக்கும் ஒத்துக்கிட மாட்டா” என்று சந்தோஷப்படுவார். சித்தி பக்கத்தில் இருந்தால் வெற்றிலையை மென்றுகொண்டிருப்பாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பாவின் பெருமை உடைந்திருக்கும். கடைசிவரை சொல்லவில்லை. அந்த நீலக் கோப்பை எப்போது, எங்கே போனது என்று தெரியவில்லை. எந்த வருடத்தில் அவள் பித்தளை டம்ளரில் குடிக்கத் தொடங்கினாள் என்பதும் தெரியவில்லை. நான் கவனிக்காத ஏதோ ஒருநாளில் நடந்திருக்கிறது.

கடைசி சில வருடங்கள் அவள் என்னோடுதான் இருந்தாள். அவள் போவதற்கு முந்தின வருடம், முற்றத்தில் உட்காரவைத்து அவளுக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். என்னவோ கேட்கத் தோன்றியது.

“அன்னைக்குக் குத்தாலத்துல நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா நீ என்ன செஞ்சிருப்ப?”

“என்ன செய்ய? பெஞ்சில உக்காந்திருப்பேன்.”

“எத்தன நாளைக்கு?”

“மூணு வருசத்துல அத்தியட்சரு திரும்ப வருவாருல்லா. அதுக்குள்ள நீ வளந்துர மாட்டியா?”

“அப்பவும் வளராட்டா?”

சித்தி அடுத்த காலை நீட்டினாள். “அப்ப ஆறு வருசம். பிள்ள வளர நேரம் ஆகும்லா.”